முழங்கால் நோ கூடின நாளை எப்படி அளப்பது?

முழங்கால் தேய்வு உள்ளவரின் நோ ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பல கிழமைகள் இழுத்துப் பறித்துச் சமாளித்துக்கொண்டு போகும். பிறகு ஒருநாள் திடீரென்று ஏறி, ஆளை மூன்று நான்கு நாளைக்குக் கதிரையோடு இருத்திவிடும். முழங்கால் பொம்மும், இரவில் நித்திரை குழம்பும், குளிசை கூடும். அதற்குப் பிறகு தானாகவே தணிந்து பழைய நிலைக்கு வரும், அல்லது மருந்தை மாற்றவேண்டி வரும். வைத்தியர்கள் இதை ஃபிளேர் என்பார்கள். வீட்டில் "நோ கூடிப்போச்சு" என்பதோடு சரி.

இந்தக் கூடுதலை எக்ஸ்ரேயில் பிடிக்க முடியாது. போன வருடம் எடுத்த படமும் இந்தக் கிழமை எடுத்த படமும் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். குருத்தெலும்பு மூன்று நாளில் தேய்ந்து மூன்று நாளில் வளர்கிற பொருள் அல்ல. தேய்வின் ஏற்ற இறக்கத்தைச் சொல்வதற்கென்று வழக்கத்தில் ஒரு இரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஆக, மிஞ்சியிருப்பது நோயாளியின் வாய்ச்சொல். அதை ஒழுங்காக வாங்கி, எண்ணாக்கி, அடுத்த மாதம் வருகிற எண்ணோடு வைத்துப் பார்க்கத்தக்கதாகச் செய்வதுதான் வினாக்கொத்தின் வேலை. பார்க்கச் சின்ன வேலைபோல இருக்கும். யாழ்ப்பாணத்தில் கிளினிக்கிலோ, மாணவர் ஆய்விலோ, கிராமத்துக் கணக்கெடுப்பிலோ இதைச் செய்ய இறங்குகிறவர்கள் சறுக்குகிற இடங்கள் அநேகமாக ஒன்றேதான்.

முதல் சறுக்கல், கடுமையான நோவையும் ஃபிளேரையும் ஒன்றென்று எண்ணுவது. பத்துக்கு எட்டு என்று சொல்கிறவர் ஃபிளேரில் இருக்கிறார் என்று முடிவுகட்ட முடியாது. அவருக்கு வருடம் முழுக்க எட்டாகவே இருக்கலாம். மூன்றில் நின்று ஐந்துக்கு ஏறினவர்தான் ஃபிளேர்காரர். வாத நோய் ஆய்வுகளுக்கான அளவைகளைத் தீர்மானிக்கிற ஒமெராக்ட் என்ற சர்வதேசக் குழுவின் ஃபிளேர் பிரிவு 2019 இல் வெளியிட்ட வரையறையும் இதிலிருந்துதான் தொடங்குகிறது: வழமையான நிலையிலிருந்து வேறுபட்ட, சில நாட்கள் நீடிக்கிற, தற்காலிகமான ஒரு நிலை. நோ, வீக்கம், விறைப்பு, மனநிலை, அன்றாட வாழ்வில் வரும் பாதிப்பு என ஐந்து பக்கங்களை அந்தக் குழு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து வளர்ந்த ஃபிளேர்-ஓஏ (ஓஏ என்றால் மூட்டுத் தேய்வு) வினாக்கொத்து இப்போது 16 கேள்விகளில் நிற்கிறது. நோ மட்டும் ஃபிளேர் அல்ல என்பதும், "வழமை" தெரியாமல் ஃபிளேர் தெரியாது என்பதும் அதன் அடித்தளம்.

எனவே எந்தப் படிவத்தையும் கையில் எடுக்குமுன் அந்த ஆளின் வழமையைப் பிடிக்கவேண்டும். "உங்கட வழமையான நோ எத்தனை?" என்று ஒரே கேள்வியில் கேட்டால் போதாது. நல்ல நாளில் கேட்டால் குறைத்தும், மோசமான நாளில் கேட்டால் கூட்டியும் சொல்வார்கள். ஏழு நாளைக்கு நாளொன்றுக்கு ஒரு எண் வாங்குங்கள். ஏழையும் வரிசைப்படுத்தி நடுவில் வருகிற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு மோசமான நாள் எண்ணை மேலே இழுத்துவிடும், நடு எண் அப்படி அசையாது. 3, 2, 3, 7, 3, 4, 3 என்று வந்தால் சராசரி மூன்றரையைத் தாண்டிவிடும், நடு எண் மூன்று. இவருக்கு வழமை மூன்று. ஆறு மாதத்துக்கு ஒருதரம் இதைத் திருப்பிப் பாருங்கள். வருத்தம் மெல்ல மெல்ல முற்றினால் வழமையே நகர்ந்திருக்கும். பழைய மூன்றை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு நாளும் ஃபிளேராகத் தெரியும்.

கையில் கிடைக்கிற படிவங்களைப் பற்றிக் கொஞ்சம். வோமாக் என்பதே பழையதும் பெயர்போனதும். 24 கேள்விகள்: நோ 5, விறைப்பு 2, செயற்பாடு 17. கேள்விக்கு 0 முதல் 4 வரை போட்டால் மொத்தம் 96. கடந்த 48 மணித்தியாலத்தைப் பற்றிக் கேட்கும். அதற்கு உரிமம் வேண்டும். கூஸ் 42 கேள்விகள், ஐந்து பிரிவு, கடந்த ஒரு கிழமையைப் பற்றியது, இலவசமாகக் கிடைக்கிறது. ஐகோப் 11 கேள்விகள்தான், ஆனால் அதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது: எப்போதும் இருக்கிற நோவுக்கு 5 கேள்வி, வந்து வந்து போகிற நோவுக்கு 6 கேள்வி என்று பிரித்துக் கேட்கிறது. ஃபிளேர் பற்றி அக்கறைப்படுகிறவர்களுக்கு இந்தப் பிரிப்பு உதவும். என்றாலும் இவை மூன்றுமே ஃபிளேரைப் பிடிக்கவென்று செய்யப்பட்டவை அல்ல. அந்த நேரத்து நிலை எவ்வளவு மோசம் என்று இவை சொல்லும்; எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நின்றது என்று சொல்ல இவற்றால் ஏலாது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் கிளினிக்கில் கூஸ் நிரப்பினால் இடையில் வந்து போன மூன்று ஃபிளேர்களும் கணக்கில் வராமலே போகும்.

எண்கள் போகும் திசையையும் கவனிக்கவேண்டும். வோமாக்கில் எண் கூடக்கூட நிலை மோசம். கூஸில் 100 என்றால் ஒரு கரைச்சலும் இல்லை, 0 என்றால் படுமோசம். கூஸ் ஒரு பிரிவின் புள்ளி: அந்தப் பிரிவின் விடைகளின் சராசரியை 100 ஆல் பெருக்கி, 4 ஆல் பிரித்து, 100 இலிருந்து கழிப்பது. ஒரு பிரிவில் பாதிக் கேள்விகளுக்காவது விடை இருந்தால்தான் கணக்கிடலாம். இரண்டு படிவங்களையும் ஒரே எக்செல் தாளில் போட்டுவிட்டு, "கூடியிருக்கு" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. நிரலின் தலைப்பிலேயே "கூடினால் மோசம்", "கூடினால் நல்லம்" என்று எழுதிவையுங்கள். நிரப்புகிறவர்களுக்கும் இதே மயக்கம் வரும். பள்ளிக்கூடத்தில் பத்துக்குப் பத்து எடுத்து வளர்ந்த ஆட்களுக்குப் பத்து என்றால் நல்லது. ஆகவே முதலில் ஒரு பயிற்சிக் கேள்வி கேளுங்கள்: காலில் நெருஞ்சி முள் குத்தினால் எத்தனை? எட்டு, ஒன்பது என்று வந்தால் அளவுகோல் இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது கேள்விகளின் உள்ளடக்கம். வோமாக் காலுறை போடுவது, கழற்றுவது, காரில் ஏறி இறங்குவது, குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது பற்றிக் கேட்கிறது. கனடாவில் பிறந்த படிவம், அங்கத்தைய வாழ்க்கை. கைதடியில் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கிற அம்மாவிடம் தொட்டியைப் பற்றிக் கேட்டால் அவர் சிரித்துவிட்டு "கஷ்டமில்லை" என்பார். அந்தச் சுழியம் மொத்தத்தைக் கீழே இழுத்துவிடும். மறுபக்கத்தில், இங்கே முழங்காலை உண்மையில் உடைக்கிற வேலை வோமாக்கில் இல்லவே இல்லை: குந்துவது. கூஸில் குந்துவதும் முழந்தாளிடுவதும் இருக்கின்றன, ஆனால் "விளையாட்டும் பொழுதுபோக்கும்" என்ற பிரிவுக்குள், ஓடுவதோடும் துள்ளுவதோடும் சேர்த்து. அறுபது வயதானவர்களுக்குத் தேவைப்படாது என்று சில ஆய்வுகளில் அந்தப் பிரிவையே விட்டுவிடுகிறார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நடுகிறவருக்கும், குந்தியிருக்கிற மலசலகூடத்தைப் பாவிக்கிறவருக்கும், நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் திருவுகிறவருக்கும், தேவாலயத்தில் முழந்தாளில் நிற்கிறவருக்கும் குந்துவது விளையாட்டல்ல. இங்கே கூஸ் பாவித்தால் அந்தப் பிரிவை விடாதீர்கள்.

ஆனால் பிடிக்காத கேள்வியை வெட்டிவிட்டு வேறு கேள்வியைச் செருகினால் அது வோமாக்கும் அல்ல, கூஸும் அல்ல. மற்ற நாட்டு எண்களோடு ஒப்பிடும் உரிமை அத்தோடு போய்விடும். சரியான வழி, மூலப்படிவத்தைத் தொடாமல் வைத்து, உள்ளூர்க் கேள்விகளை வேறொரு தாளில் தனியாகச் சேர்த்து, தனியாகவே கூட்டுவது. நாலு கேள்வி காணும்: குந்தி எழும்புவது, பாயில் சப்பாணி கட்டி இருந்து எழும்புவது, சைக்கிளில் ஏறி இறங்குவது, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது. புதிதாக மொழிபெயர்க்கிறவர்கள் வழமையான ஒழுங்கைப் பின்பற்றவேண்டும்: இரண்டு பேர் தனித்தனியே தமிழுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் பொருத்தி ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இரண்டு பேர் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், குழு இருந்து பார்த்து, பிறகு 30 – 40 பேரிடம் பரீட்சித்துப் பார்ப்பது. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் ஒப்புக்குச் செய்கிறார்கள். "விளங்கினதா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள். "இந்தக் கேள்வி என்ன கேட்குது எண்டு உங்கட சொல்லில சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். தமிழ்நாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்து இங்கே கொடுப்பதும் வேண்டாம். அதில் "வலி" என்று இருக்கும். இங்கே வயதான ஆட்களுக்கு அது வலிப்பு வருத்தத்தையும் நினைப்பூட்டும். நோ என்றே கேளுங்கள்.

ஃபிளேரைப் பிடிக்கத் தினக்குறிப்புத்தான் வழி. ஒரு ஏ4 தாளில் ஒரு கிழமை. எழுத்து பெரிதாக இருக்கவேண்டும், 16 புள்ளிக்குக் குறைந்தால் கண்ணாடி தேடவேண்டிவரும். கேள்விகள் ஏறத்தாழ இப்படி:

நேற்று இதே நேரத்தில இருந்து இப்ப மட்டும், ஆகக்கூட நொந்தபோது எத்தனை? (0 – 10)

உங்கட வழமையோட பாக்க இது குறைவா, அதேயளவா, கொஞ்சம் கூடவா, நல்லாக் கூடவா?

முழங்கால் சிரட்டைக்கு ரண்டு பக்கமும் இருக்கிற குழி தெரியுதா, மறைஞ்சு போச்சா?

காலமை எழும்பினாப்பிறகு எவ்வளவு நேரம் விறைச்சிருந்தது?

முழங்கால் நோவால ராத்திரி நித்திரை குழம்பினதா?

நோவால இண்டைக்குச் செய்யாமல் விட்ட வேலை என்ன?

எத்தனை குளிசை போட்டனீங்கள்? என்ன குளிசை?

இவற்றுக்கு இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் மூன்றாம் கிழமையில் கைவிட்டுவிடுவார்கள். மனநிலை பற்றிய கேள்விகளை (எரிச்சல், திரும்ப வருமோ என்ற யோசினை, வெளியே போகப் பஞ்சி) நாள்தோறும் கேட்காமல் கிழமைக்கு ஒருதரம் கேட்கலாம்.

வீக்கக் கேள்வியை அப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. "வீக்கம் இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால், பருத்த முழங்கால் உள்ளவர்கள் எல்லோரும் "ஓம், எப்பவும் இருக்கு" என்பார்கள். கால் நீட்டி இருக்கும்போது சிரட்டையின் இரண்டு பக்கமும் சாதாரணமாக ஒரு பள்ளம் தெரியும். மூட்டுக்குள் நீர் கட்டினால், உட்பக்கப் பள்ளந்தான் முதலில் நிரம்பும். ஒரு காலில் மட்டும் வருத்தமென்றால் மற்றக் காலோடு ஒப்பிடச் சொல்லலாம். நல்ல நாளில் அவர்களையே தடவிப் பார்த்துப் பழகச் சொல்லிவைத்தால், கெட்ட நாளில் சொல்கிற விடையை ஓரளவு நம்பலாம். விறைப்பைப் பற்றிய கேள்வியிலும் நிமிடக் கணக்குத் தானாக வராது. தேத்தண்ணி குடிக்கமுன்னமே விட்டுதா, முற்றம் கூட்டி முடியமட்டும் இருந்ததா என்று வீட்டு வேலையோடு சேர்த்துக் கேட்டு, நீங்களே நிமிடமாக்குங்கள். தேய்வில் காலை விறைப்பு வழமையாக அரை மணித்தியாலத்தைத் தாண்டாது. நாள்தோறும் ஒரு மணித்தியாலம் என்று வந்தால் அது வேறு வாதமாக இருக்கலாம், வைத்தியர் பார்க்கவேண்டும்.

இனி, எத்தனை ஏறினால் ஃபிளேர்? ஆய்வுகளில் பத்துக்கு இரண்டு புள்ளி ஏற்றத்தைப் பலரும் எடுத்திருக்கிறார்கள். 24 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு. அந்த இரண்டு எவ்வளவு உறுதியானது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருக்கும். ஒரு ஊரில் இந்தக் கேள்விக்கு நியம விலகல் (ஆளுக்கு ஆள் எண்கள் விலகி நிற்கிற அளவு) 2 என்றும், நிலை மாறாத ஆட்களிடம் திருப்பிக் கேட்டபோது கிடைத்த ஒத்திசைவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.85 என்றும் வைத்துக்கொள்வோம். 0.85 நல்ல எண்தான். 1 இலிருந்து 0.85 ஐக் கழித்தால் 0.15. அளவீட்டு வழு, 2 ஐ 0.15 இன் வர்க்கமூலத்தால் பெருக்குவது: 0.77 அளவில் வரும். ஒரு தனி ஆளில் "இது உண்மையான மாற்றம்" என்று 95 வீத நிச்சயத்தோடு சொல்ல அதை 2.77 ஆல் பெருக்கவேண்டும். விடை 2.1. அதாவது ஒரே ஒரு நாள் இரண்டு புள்ளி ஏறினது வெறும் ஆட்டமாகவும் இருக்கலாம்.

அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லம்: வழமையிலிருந்து இரண்டோ கூடவோ ஏறியிருக்கவேண்டும்; அடுத்தடுத்த இரண்டு நாள் பதிவில் அது நிற்கவேண்டும்; வீக்கம், விறைப்பு, நித்திரை, விட்ட வேலை, கூடின குளிசை இவற்றில் ஒன்றாவது சேர்ந்து வரவேண்டும். முடிவையும் முதலே தீர்மானித்துவிடுங்கள்: வழமைக்கு ஒரு புள்ளிக்குள் இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் ஃபிளேர் முடிந்தது. இந்த விதி இல்லாவிட்டால் 6, 6, 4, 6, 3 என்று வருகிற கிழமையை ஒருவர் ஒரு ஃபிளேர் என்பார், இன்னொருவர் இரண்டு என்பார்.

வழமை எட்டாக உள்ளவரைப் பற்றி முதலே சொன்னேன். அவருக்கு இரண்டு ஏற இடம் பத்தில் மட்டுந்தான், பத்தைப் போட எவருக்கும் மனம் வராது. இப்படிப்பட்டவர்களில் எண் அசையாது, வாழ்க்கை அசையும். வழமையாகக் கடைக்குப் போகிறவர் போகாமல் விட்டாரா, குந்துகிற மலசலகூடத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக் கொமட்டுக்குப் போனாரா என்பதை வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

குளிசைக் கணக்கு இல்லாத ஃபிளேர்ப் பதிவு அரைவாசிப் பதிவு. நோ மூன்றிலேயே நிற்கிறது, ஆனால் பனடோல் நாளுக்கு ஒன்றிலிருந்து ஆறாகிவிட்டது என்றால் அவர் ஃபிளேரில்தான் இருக்கிறார், மருந்து மூடிக்கொண்டிருக்கிறது. குளிசை, பூச்சு மருந்து, ஊசி, பரியாரியின் எண்ணெய், ஒத்தணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சிலர் "மருந்து போடேல்லை" என்பார்கள். எண்ணெயை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதே பக்கத்தில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 500 மில்லிகிராம் பரசிற்றமோல் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் அந்த எட்டே அதிகம். டைக்ளோபெனாக்கைத் தாங்களாகவே வாங்கிப் போடுகிறார்களா என்பதும் பதிவில் தெரியவரும். பிரஷர், சிறுநீரக வருத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்களில் அதைக் கட்டாயம் வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

பழைய மருந்து ஆய்வுகளில் ஃபிளேரை வேறுவிதமாகப் பிடித்தார்கள். நோ மருந்தைச் சில நாள் நிறுத்திவிட்டு, நோ ஏறுகிறவர்களை மட்டும் ஆய்வுக்குள் எடுப்பது. அது செய்துவைத்த ஃபிளேர். வீட்டில் தானாக வருகிறதோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

ஞாபகம் அடுத்த தலையிடி. "போன மாதம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் கிடைப்பது இன்றைய நோவும், அந்த மாதத்தில் ஆகக் கொடிய நாளும் கலந்த ஒரு விடை. நெடுந்தீவிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு வருகிறவர் வள்ளத்தில் ஏறி, குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, வந்து வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுச் சொல்கிற எண் பயணத்தின் எண். கிளினிக்கில் கேட்கத்தான் வேண்டுமென்றால் வந்தவுடனே கேளாமல், கொஞ்சம் ஆறவிட்டு, "நேற்று வீட்டில" என்று நாளையும் இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தினக்குறிப்பு இந்தக் கரைச்சலைக் குறைக்கும், ஆனால் காகிதத் தினக்குறிப்பை அப்படியே நம்பவும் ஏலாது. 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாட்பட்ட நோ உள்ளவர்களுக்குக் கொடுத்த குறிப்புக் கோப்பில் அது திறக்கப்படுகிற நேரத்தைப் பதிகிற உணரியை மறைத்து வைத்தார்கள். ஆட்கள் 90 வீதம் நேரத்துக்கு நிரப்பியதாக எழுதியிருந்தார்கள். உண்மையில் நேரத்துக்கு நிரப்பியது 11 வீதம். இலத்திரனியல் குறிப்பில் அது 94 வீதம். கிளினிக்குக்கு வருமுதல் நாள் இரவு ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில், முப்பது நாளும் நிரப்பப்பட்ட தாள் எல்லா ஊரிலும் இருக்கிறது. மை நிறமும் அழுத்தமும் நாளுக்கு நாள் மாறாத தாளைச் சந்தேகப்படலாம். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தவறின நாளை வெறுமையாக விடுங்கோ, ஏச மாட்டம். வெற்று நாள் பொய் நாளை விடப் பெறுமதி.

வட்ஸ்அப் இருக்கிற வீட்டில் பின்னேரம் ஒரே நேரத்துக்கு ஒரு செய்தி அனுப்பி, ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்வது நன்றாக வேலை செய்யும், நேரமும் தானாகவே பதிந்துவிடும். ஆனால் போன் பேரப்பிள்ளையின் கையில் இருக்கிற வீடுகளில் எண்ணைப் போடுவதும் பேரப்பிள்ளைதான். மகளோ மருமகளோ "அம்மாவுக்கு ஏழு போடுங்கோ" என்று பக்கத்தில் இருந்து சொல்வதும் அதே வகை. வீட்டாரின் விடையும் நோயாளியின் விடையும் ஒன்றாக இருக்குமென்று எடுத்துக்கொள்ளக்கூடாது. விலக்கமுடியாவிட்டால் "விடை சொன்னவர்: தானே / வேறு ஆள்" என்று ஒரு கட்டம் போட்டு அடையாளமிடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளையிடம் போனில் "சுகமா இருக்கிறன்" என்று சொல்லிப் பழகின தாய், உங்கள் போனிலும் அதையே சொல்லக்கூடும். அதனால்தான் "எப்படி இருக்கிறீங்கள்?" என்று தொடங்காமல் நேரே எண்ணைக் கேட்கவேண்டும். "பரவாயில்லை" என்று பதில் வந்தால் அதை எந்தக் கட்டத்துக்குள்ளும் போடாதீர்கள். முந்தினதைவிடக் குறைவு என்றும் இருக்கும், நோகுது ஆனால் தாங்கலாம் என்றும் இருக்கும். "பரவாயில்லை எண்டா, வழமையோட பாக்கக் குறைவோ அம்மா, அதேயளவோ?" என்று திருப்பிக் கேளுங்கள்.

100 மில்லிமீற்றர் கோடு போட்டு அதில் குறியிடச் சொல்கிற முறை கண்ணும் கையும் நடுங்குகிற வயதுக்கு ஒத்துவராது. அதோடு போட்டோக் கொப்பி எடுக்கும்போது கோடு சுருங்கிவிடும். 97 மில்லிமீற்றர் கோட்டை 100 என்று அளந்தால் எல்லோருடைய எண்ணும் தப்பு. பாவிக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு கொப்பிக் கட்டிலிருந்தும் ஒரு தாளை எடுத்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். பதினொரு கட்டங்களை மேலிருந்து கீழாக அடுக்கி, 0 ஐக் கீழே வைத்து அச்சிட்ட தாளே இங்கே எளிது.

எதனால் கூடினது என்பதைக் கேட்காத ஆளில்லை. நல்லூர்க் கொடியேறி 25 நாளும் வெறுங்காலோடு நின்றவர், அடியழித்தவர், வெங்காயம் கிண்டப் போனவர், படியில் கால் மடங்கினவர். ஃபிளேர் வந்த பிறகு மட்டும் காரணம் கேட்டால் எல்லாப் பழியும் கோயிலிலும் மழையிலும் விழும். திருவிழாக் காலத்தில் ஃபிளேர் இல்லாத நாளிலும் அவர் கோயிலுக்குத்தானே போனார்? ஆகவே அதே காரணப் பட்டியலை அமைதியான நாட்களிலும் அதே ஆளிடம் கேட்கவேண்டும். ஃபிளேருக்கு முந்தின 24 மணித்தியாலத்தை, அதே ஆளின் ஃபிளேர் இல்லாத நாட்களோடு வைத்துப் பார்ப்பது. ஆளே தனக்கு ஒப்பீடாக இருப்பதால் வயதும் நிறையும் குழப்பாது. இப்படிச் செய்த வெளிநாட்டு ஆய்வுகளில் முழங்கால் திடீரென்று மடங்குவது, குந்துவது, முழந்தாளிடுவது, பாரம் தூக்குவது போன்றவை ஃபிளேரோடு தொடர்புபட்டிருந்தன. மழை குளிரைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. மாரியில் நோ கூடும் என்று இங்கே எவருக்கும் சந்தேகமில்லை. அதனாலேயே அதை நோயாளியிடம் கேட்காமல், வானிலைப் பதிவிலிருந்து திகதிப்படி எடுத்துப் பொருத்துவது பாதுகாப்பு.

எல்லா ஏற்றமும் தேய்வின் ஏற்றம் அல்ல. படிவத்தின் தலைப்பிலேயே நாலு கேள்வி இருக்கட்டும்: காய்ச்சல் இருந்ததா, முழங்கால் சிவந்து கொதிக்குதா, விழுந்தனீங்களா, கெண்டைக்கால் வீங்கியிருக்கா. காய்ச்சலோடு ஒரு மூட்டுக் கொதித்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கெண்டைக்கால் வீக்கம் நாளத்தில் இரத்தம் கட்டினதாக இருக்கலாம். காய்ச்சலோடு கை, கணுக்கால் என்று பல மூட்டுகள் ஒரே நாளில் பிடித்தால் சிக்குன்குனியாவை நினைக்கவேண்டும். 2006 இல் இலங்கையில் அது பரவினதையும், காய்ச்சல் போனபிறகும் மாதக்கணக்கில் மூட்டு நொந்ததையும் மறந்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்டவற்றைப் பிரித்தெடுக்காமல் ஃபிளேர்க் கணக்கில் போட்டால், கணக்கும் பிழை, ஆளுக்கும் ஆபத்து.

எந்தக் கால் என்பதை ஒவ்வொரு தாளிலும் எழுதவேண்டும். இரண்டு காலும் நோகிறவரில், தொடக்கத்தில் கூட நொந்த காலைத் தெரிந்தெடுத்து அதையே கடைசிமட்டும் தொடருங்கள். படத்தில் வட்டம் போடச் சொன்னால் படத்தின் வலக்கால் எதிரே இருப்பவருக்கு இடக்காலாகிவிடும். படத்தை விட்டுவிட்டுக் கையால் தொட்டுக்காட்டச் சொல்லி நீங்களே எழுதுவது பிழைவராத வழி.

ஒரு மாதத் தாளை அப்படியே வைத்தியரிடம் நீட்டினால் அவருக்குப் பார்க்க நேரம் இராது. கிளினிக் கொப்பியில் ஒரு வரியாகச் சுருக்கிக் கொடுக்கலாம்: "வலக்கால். வழமை 3. மாசி 11 – 16 ஃபிளேர், உச்சம் 7, வீக்கம் உண்டு, நித்திரை 3 இரவு குழம்பினது, பனடோல் நாளுக்கு 6, முதல் நாள் வெங்காயம் கிண்டினது. காய்ச்சல் இல்லை. மாசி 17 இலிருந்து வழமை." நிரப்பாமல் விட்ட நாட்களின் எண்ணிக்கையையும் அதன் கீழே எழுதிவிடுங்கள். ஒரு ஃபிளேரும் இல்லை என்கிற மாதத்தில் பன்னிரண்டு நாள் வெறுமையாக இருந்தால், ஃபிளேர் இருந்ததா இல்லையா என்று அந்தத் தாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.